மாமியார் வாசலை அடைத்தபோது

லிஃப்ட் மெக்கானிக் முப்பத்தெட்டு வருஷம் கம்பியில் தொங்கி வேலை பார்த்தவர். அறுபது மாடிக் குழியைக் குனிந்து பார்த்துக்கொண்டே டீ குடிப்பார், ஒரு சொட்டு சிந்தாது. அப்பேர்ப்பட்ட மனுஷர், பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை பார்த்த மனைவி முதல் டரான்டுலாவை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்குச் சாப்பாட்டு மேஜைமேல் ஏறி நின்றார். இறங்க மூன்று நாள் ஆயிற்று. மூன்று நிமிஷம்தான் என்பாள் மனைவி. எதையும் குறைத்துச் சொல்வதே அவளுக்குப் பழக்கம்.

உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் ரோமம், விளக்குமாற்றுக்குக் கால் முளைத்ததுபோல ஒரு சிலந்தி.

"மாமியார்னு பேர் வைக்கலாமா?" என்றாள்.

"எங்கம்மாவையா சொல்ற?"

"பொதுவாத்தான் சொன்னேங்க. கோபம் வந்தா பின்னங்காலால ரோமத்தை உதைச்சு மூஞ்சியில தூவும். அப்புறம் நாலு நாளைக்கு முகம் கொடுக்காது. வேற பேர் பொருந்தினா நீங்களே சொல்லுங்க."

யோசித்துப் பார்த்தார். வேறு எதுவும் பொருந்தவில்லை.

வருஷத்துக்கொரு தடவை மாமியாரின் டப்பாவைத் துணி போட்டு மூடி அலமாரிக்குள் வைத்துவிடுவாள். "எங்க, காணோம்?" என்பார் இவர். "ஊருக்குப் போயிருக்காங்க." மெக்கானிக்குக்குக் கொண்டாட்டம். எதற்குப் போனது, எப்போது வரும் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் சீக்கிரம் வந்துவிடுமோ என்ற பயம்.

மாமியாரோடு இன்னும் ஆறு பேர் வந்து சேர்ந்தார்கள். பிறகு மனைவி போய்விட்டாள். நாலு மாதம் ஆகிறது. மிஞ்சியது அவரும் ஏழு பிளாஸ்டிக் டப்பாக்களும். அவள் படுக்கையில் விழுவதற்கு முன் ஆர்டர் கொடுத்த கண்ணாடிப் பெட்டிகள் இப்போதுதான் வந்தன. பெட்டி செய்தவனின் சுறுசுறுப்புக்கு, அதற்குள் ஒரு நத்தை உலகத்தை இரண்டு சுற்று சுற்றியிருக்கும்.

மேஜைமேல் ஏறியவர்தான் இப்போது தினமும் காலையில் இடுக்கியால் கரப்பான் பிடித்து ஊட்டினார். மாமியாரிடம் மட்டும் நின்று பேசினார். மனைவி கை பட்டு வளர்ந்த முதல் ஜீவன் அல்லவா? அந்த மாமியார் மூன்று வாரமாகச் சாப்பிடவில்லை. டப்பாவுக்குள் தான் குடைந்த வளையின் வாசலை வலையால் இறுக்க அடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

"அவ போன துக்கம்," என்று தபால்காரரிடம் சொன்னார். "பச்சைத் தண்ணி பல்லுல படல." நாலாவது ஆளிடம் சொல்லும்போது மாமியாரின் எட்டுக் கண்ணிலும் தாரை தாரையாகக் கண்ணீர்.

வாய் அப்படி அளந்ததே தவிர, ராத்திரியில் எழுந்து எழுந்து டப்பாவைப் பார்த்தார். மனைவிக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. தட்டைத் தள்ளி வைத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள். "வெயில் காலம், சரியாயிடும்," என்று இரண்டு மாதம் விட்டுவிட்டார். டாக்டர் பார்த்தபோது நேரம் கடந்திருந்தது. இந்தத் தடவை விடுவதாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, புதுப் பெட்டிகளுக்கு மாற்ற ஒத்தாசையாக மனைவியின் தங்கை வந்தாள். தையல்காரி, ஊசி பிடித்த நிதானமான கை.

"அத்தான், கடிச்சா என்ன செய்யணும்?"

"கத்தணும்."

டப்பாவின் வாயைப் பெட்டியின் வாயோடு வைத்து, பெயின்ட் பிரஷ்ஷால் பின்னங்காலை லேசாகத் தொட, ஒவ்வொன்றாக நடந்து போயின. கடைக்குட்டி பொடிசு மட்டும் அத்தானின் சட்டைக் கைக்குள் ஏறித் தோள்வரை உலா போய்வந்தது. மூச்சை அவர் அடுத்த வாரம்தான் விட்டிருப்பார்.

"மாமியார் கடைசி," என்றார். "புது வீடு, வெளிச்சம். பார்த்தா பசி எடுக்கும்."

கத்தரிக்கோலால் வலையை வெட்டினார். உள்ளே வெள்ளை மெத்தைபோல் பின்னிய வலைமேல் மாமியார் மல்லாந்து கிடந்தது. எட்டுக் காலும் மேலே.

"போச்சு," என்றார். "இவளும் போயிட்டா."

தையல்காரி வாயைத் திறப்பதற்குள் கரண்டியை விட்டுப் புரட்டி, நிமிர்த்தி, பெட்டியில் இறக்கி, பிரஷ்ஷால் முதுகைத் தேய்த்தார். ஒரு கால் அசைந்தது.

"உயிர் இருக்கு! பாரு, உயிர் இருக்கு!"

அவள் குனிந்து பார்த்தாள். "தேய்க்காதீங்க. கையை எடுங்க அத்தான். இது சாகல. முதுகுல தையல் பிரிஞ்சிருக்கு பாருங்க. உள்ள இன்னொரு உடம்பு இருக்கு."

பழைய தோலின் பிளவில் வெளுப்பாக, ஈரமாக, அப்போதுதான் செய்ததுபோல் புது மாமியார். பாதி வெளியே, பாதி உள்ளே. அந்தப் பிஞ்சு உடம்பு ஓரிடத்தில் கிழிந்து, நீலம் கலந்த ஒரு சொட்டு கசிந்து நின்றது.

தையல்காரி மாமியாரின் காலி டப்பாவைக் கவிழ்த்தாள். அடிப்பக்கம் முழுக்க அக்காவின் கையெழுத்து. வருஷத்துக்கொரு தேதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'சட்டை மாற்றினாள்'. கீழே கோடு போட்டு: 'வாசலை அடைத்தால் தொடக்கூடாது. அவளே திறப்பாள்.'

மூடியை மட்டுமே திறந்து மூடியவர் டப்பாவின் அடியை எதற்குப் பார்க்கப் போகிறார்?

"ஊருக்குப் போயிருக்காங்கன்னா இதுதானா?" என்றார்.

மத்தியானம்வரை இருவரும் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கிழிசலைத் தைக்கத் தையல்காரியாலும் முடியவில்லை. மூன்று மணி சுமாருக்குக் கால்கள் உள்பக்கமாக மடங்கின; அதன்பிறகு அசையவே இல்லை.

"பார்க்க வேண்டியவளைப் பார்க்கல," என்றார். "தொடக்கூடாததைத் தொட்டேன்."

"உங்களுக்குத் தெரியாது அத்தான்."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பா. ரெண்டு தடவையும் கேட்கல."

அவள் அவர் கையிலிருந்த பிரஷ்ஷை மெல்ல வாங்கி வைத்தாள்.

ஒரு மாதம் கழித்து, பொடிசு கரப்பானைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் வாசலை அடைத்தது. மெக்கானிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு மனைவியின் பழைய துணி ஒன்றை எடுத்து, பெட்டி குலுங்காமல் மூடி, அலமாரிக்குள் வைத்தார்.

தபால்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "என்ன சார், ஒரு பெட்டி குறையுதே?"

மெக்கானிக் இந்தத் தடவை கண்ணீர்த் தாரை எதுவும் சேர்க்கவில்லை.

"மெதுவாப் பேசுங்க," என்றார். "ஊருக்குப் போயிருக்கு."