கரண்டிக்கு ஒரு துப்பு

கசிவு கண்டுபிடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது என்று கூப்பிட்டால் மற்ற பிளம்பர்கள் நனைந்த இடத்தை உடைப்பார்கள். இவர் உடைக்க மாட்டார். ஒரு இரும்புக் கம்பியைச் சுவரில் ஊன்றி, மறுமுனையில் காதை ஒட்டிக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். வீட்டுக்காரர்கள் மூச்சுக்கூட விடாமல் காத்திருப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, சம்பந்தமே இல்லாத ஒரு மூலையைக் காட்டி "இங்க" என்பார். அங்கேதான் இருக்கும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் மேலே சிமெண்டைப் பூசுகிறவனைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊரார் வைத்த பேர் கம்பிக்காது. அந்தப் பேரில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

இத்தனை காது இருந்து என்ன, சொந்தக் கழுத்தில் ஒரு கட்டி வளர்ந்தது சவரம் பண்ணும்போதுதான் கைக்குத் தட்டுப்பட்டது. வலியில்லாத கட்டி, தானாகப் போய்விடும் என்று அவர் பாட்டுக்கு இருந்தார். மனைவி இருக்க விடவில்லை. அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பயிற்சிக் காரில் அவள் உட்காரும் பக்கம் தனியாக ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்துப் பழகி, வீட்டில் அவர் ஏடாகூடமாக எதையாவது சொன்னாலும் அவளுடைய கால் தானாகத் தரையை அழுத்தும். கட்டி தானாகப் போய்விடும் என்று அவர் சொன்னபோதும் அழுத்தியது. மறுநாளே ஆஸ்பத்திரியில் நின்றார்கள்.

கட்டியில் ஊசி போட்டுப் பார்த்தார்கள், தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அவருக்கே குழாயா என்று அவள் சிரித்தது அப்போதுதான், பிறகு முடிவு வரும்வரை சிரிக்கவில்லை. டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார். டான்சிலில் புற்றுநோய். கழுத்து நெறிக்கட்டி வரைக்கும் வந்திருக்கிறது. ஆனால் இது எச்.பி.வி. என்ற வைரஸால் வருகிற வகை, மற்றதைவிட சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும், பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். நம்பிக்கையோடு வாருங்கள்.

பிழைத்துக்கொள்கிறார்கள் என்ற சொல்லைக் கேட்டதும் இரண்டு பேருக்கும் தலைகால் புரியவில்லை. பீடி, சிகரெட், குடி எதையும் தொடாதவர், இது நியாயமா என்று கேட்க வந்தவர், லாட்டரி விழுந்தவர் மாதிரி டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிக்கொண்டிருக்கும்போதே தொழில் புத்தி எட்டிப் பார்த்தது. சரி, இது எந்த வழியாக உள்ளே வந்தது என்று கேட்டார்.

டாக்டரம்மா அதையும் மறைக்கவில்லை. நெருக்கமான உறவில் தொற்றுவது. அநேகமாக எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் வந்து, உடம்பே விரட்டிவிட்டுப் போய்விடும். சிலருக்கு மட்டும் போகாமல் பல வருஷம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்து பிறகு வேலையைக் காட்டும். இப்போது பிள்ளைகளுக்குத் தடுப்பூசி இருக்கிறது, உங்கள் காலத்தில் இல்லை. யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது, அதைத் தேடி அலையாதீர்கள் என்றார்.

தேடாதே என்று கம்பிக்காதிடம் சொன்னால் ஆகிற காரியமா? வாசல் வரை வருவதற்குள் அவர் கல்யாணத்துக்கு முந்தைய காலத்துக்கே போய், பெயிண்ட் கடையில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் முன்னால் நின்றுவிட்டார். ஒரே ஒருத்தி. மனைவியிடம் மூச்சு விட்டதில்லை. சிகிச்சை தொடங்கினால் தொண்டை புண்ணாகும், பேசவே முடியாமல் போகலாம் என்று வேறு சொல்லியிருந்தார்கள். சொல்வதென்றால் இப்போதே சொல்லியாக வேண்டும். சொன்னால், கூடவே இருக்க வேண்டிய நேரத்தில் இவள் கோபித்துக்கொண்டு போய்விட்டால்? ஆஸ்பத்திரி வாசலில் நின்ற பயிற்சிக் காரில் ஏறி உட்கார்ந்ததும், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே அத்தனையையும் கொட்டிவிட்டார்.

அவள் கால் பிரேக்கை அழுத்தியது. வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது.

பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு, "எனக்கும் ஒருத்தர் இருந்தாருங்க. உங்களுக்கு முன்னாடி" என்றாள். "என்கிட்டேர்ந்துகூட வந்திருக்கலாம்."

ஒரு நிமிஷத்துக்கு முன்னால் குற்றவாளிக் கூண்டில் நின்றவர், அங்கிருந்து தாவி நீதிபதி நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். யார் என்றார். என்ன வேலை என்றார். எந்தத் தெரு என்றார். அவள் வண்டியைக் கிளப்பிக்கொண்டே, "முதல்ல நல்லா ஆகுங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்று முடித்துவிட்டாள்.

சிகிச்சை தொடங்கியது. முகத்தின் அச்சிலேயே ஒரு வலை முகமூடி செய்து, அதைப் போட்டு மேசையோடு பூட்டிக் கதிர் பாய்ச்சினார்கள். நடுநடுவே மருந்து ஏற்றினார்கள். முதலில் எல்லாம் ஜோராகத்தான் போனது, இவ்வளவுதானா என்று நர்ஸிடம் சவடால் விட்டார். அப்புறம் தொண்டை பழுத்தது. எச்சில் வற்றியது. நாக்குக்கு உப்பும் தெரியவில்லை, சர்க்கரையும் தெரியவில்லை, கஞ்சி என்றால் குழைத்த சிமெண்ட்தான். குரல் சுத்தமாகப் போனது. பேன்ட்டைக் கயிறு போட்டுக் கட்டும்படி ஆனது. இன்னும் எடை இறங்கினால் வயிற்றில் குழாய் போட்டு ஊட்ட வேண்டும், சிகிச்சையை நடுவில் நிறுத்துவதும் ஆபத்து என்று டாக்டரம்மா எச்சரித்தார்.

அன்று மத்தியானம் அவர் கிண்ணத்தைத் தள்ளிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கெஞ்சினாள், அதட்டினாள், அசையவில்லை. அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க, இந்த மனிதர் நம்பிக்கையை விட்டுவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. கரண்டியில் கஞ்சியை அள்ளிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒரு கரண்டி சாப்பிட்டா, அந்த ஆளைப் பத்தி ஒரு துப்பு தரேன்."

முதுகு அசைந்தது. மெல்லத் திரும்பினார். வாயைத் திறந்தார். கண்ணில் தண்ணீர் முட்ட விழுங்கிவிட்டு, எங்கே துப்பு என்பது போல் கையை நீட்டினார். மீசை உண்டு என்றாள். அடுத்த கரண்டிக்கு, கடிகாரக் கடையில் வேலை. அதற்கடுத்ததற்கு, எப்போதும் ஒரே நிறத்தில் சட்டை. இது ஒரு துப்பா என்று அவர் கையை உதறியபோது, அரைக் கரண்டிக்கு இவ்வளவுதான் என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் கூத்துதான். மருந்தைக் குடித்து வலி சற்று அடங்கியதும் அவரே எழுந்து உட்கார்ந்து, கிண்ணம் எங்கே என்று ஜாடை காட்டுவார். ஊமையாக இருந்துகொண்டு இத்தனை கேள்வி கேட்க முடியும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. உயரமா என்று கையை மேலே தூக்குவார். பணக்காரனா என்று விரலைத் தேய்ப்பார். அழகனா என்று கேட்க அவர் செய்த முகத்தைப் பார்த்து அவள் கஞ்சியைச் சிந்திவிட்டாள்.

துப்புகளும் வளர்ந்தன. எந்தப் பாட்டிலும் முதல் வரி மட்டும்தான் தெரியும், மீதிக்கு முனகல்தான். கோபம் வந்தால் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போவான், போன வேகத்தில் திரும்பி வந்து சாப்பிட்டியா என்பான். எனக்குக் காய்ச்சல் என்றால் வெந்நீர் வைத்துக் கொண்டுவந்து, பதற்றத்தில் தானே குடித்துவிடுவான். கேட்கக் கேட்க அவருக்கு எரிந்தது. அதைவிட மோசம், அந்த ஆளைக் கொஞ்சம் பிடித்தும் போனது. இப்படி ஒருத்தன் இருந்தால் எந்தப் பெண்தான் மயங்க மாட்டாள் என்று படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

ஒருநாள் அவள் சாதாரணமாக, "தூக்கத்துல சிரிப்பான்" என்றாள்.

தூக்கத்திலா! அது இவளுக்கு எப்படித் தெரியும்? அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு, மொத்தக் கிண்ணத்தையும் ஆவேசத்தோடு வழித்துத் தின்றார். வலித்த வலியை அந்த ஆளின் கணக்கில் எழுதிக்கொண்டார். அந்த வாரம் எடை இறங்கவில்லை. டாக்டரம்மா அவளிடம் என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். கஞ்சிதான் என்றாள்.

குழாய் போடாமலே சிகிச்சை முடிந்தது. புண் ஆறி, சில மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் ஒன்றும் இல்லை. டாக்டரம்மா அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் எழுந்து நின்றுவிட்டாள், எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள். இரண்டு பேரும் காற்றில் மிதக்கிற மாதிரி வாசலுக்கு வந்து காரில் ஏறினார்கள். பாதி வழி வரை அவள் பேசிக்கொண்டே வந்தாள். பிறகு அவர், திரும்பி வந்திருந்த கரகரத்த குரலில், இத்தனை நாளாக அடக்கி வைத்திருந்ததைக் கேட்டார்.

"அவ்வளவு நல்ல மனுஷன். அவனை விட்டுட்டு என்னை ஏன் கட்டிக்கிட்டே?"

அவள் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினாள். அவர் விளையாடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அதைப் பார்த்ததும்தான் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஸ்டியரிங் மேல் கவிழ்ந்து சிரித்தாள். சிரித்து ஓய்ந்த பிறகு சொன்னாள். கடிகாரக் கடைக்காரன் நிஜம்தான். ஆனால் அவனைப் பற்றிச் சொல்ல மீசையும் சட்டையும் தவிர ஒன்றுமில்லை, மூன்றாம் நாளே தீர்ந்துவிட்டான். கிண்ணத்தில் கஞ்சி மட்டும் தீரவில்லை.

"அப்புறம் சொன்னதெல்லாம் உங்களைத்தாங்க."

அவர் பாட்டை நினைத்தார், கதவை நினைத்தார், வெந்நீரை நினைத்தார். ஒவ்வொன்றாக முகம் சிவந்துகொண்டே வந்தது. கடைசியில் ஒன்று இடித்தது.

"நான் தூக்கத்துல சிரிப்பேனா?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து. ஒரு வாய் முழுங்க முடியாம அழுதுட்டுத் தூங்கினீங்களே, அன்னிக்கும் சிரிச்சீங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க என்னை விட்டுட்டுப் போக மாட்டீங்கன்னு எனக்கு அப்பதான் தெரிஞ்சுது."