பட்டு நூலில் வளர்ந்தவை

2007 ஆனி மாதம், சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அறை தீப்பிடித்தது. பக்கத்து அறையில் திரி வெட்டிக்கொண்டிருந்த செல்வலட்சுமி வெளியே ஓடி வாய்க்காலுக்குள் குதித்தாள். தீ யாரையும் தொடவில்லை. ஆனால் அவளுடைய வலது முட்டிக்குள் ஏதோ படக்கென்று அறுந்தது. வீக்கம் வடிந்த பிறகும் சட்டென்று திரும்பினால் முட்டி நழுவியது.

"ஓட முடியாத ஆளை உள்ள விட முடியாதும்மா" என்றார் போர்மேன் முத்துக்கருப்பன்.

மதுரை ஆஸ்பத்திரியில், முட்டி ஜவ்வு கிழிந்துவிட்டது, தொடைக்குப் பின்னாலிருந்து தசைநார் எடுத்து அங்கே வைக்க வேண்டும் என்றார்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஐஸ்வர்யா வந்தாள். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற குடும்பத்துப் பெண். மதுரையில் ஆராய்ச்சி மாணவி.

"உங்க இடுப்பெலும்புல இருந்து மஜ்ஜை கொஞ்சம் வேணும்க்கா. மயக்கத்துல இருக்கும்போதே ஊசி வச்சு எடுத்துருவாங்க. அதுல ஸ்டெம் செல் இருக்கு. பட்டு நூல் மேல அதை வளர்த்து ஜவ்வு ஆக்க முடியுமான்னு பாக்கிறோம்."

"அதைத்தான் என் கால்ல வைக்கப் போறீகளா?"

"இல்லக்கா. ஆளுக்கு வைக்க எத்தனை வருஷம் ஆகுமோ தெரியாது. உங்களுக்கு இதுல பிரயோஜனமே இல்ல. வேண்டாம்னா சொல்லிருங்க, ஆபரேஷன் அது பாட்டுக்கு நடக்கும்."

செல்வலட்சுமி ஒப்புதல் படிவத்தை நிதானமாக வாசித்துக் கையெழுத்துப் போட்டாள்.

ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் கழித்துக் காலைக் காட்டப் போனபோது ஐஸ்வர்யா வாசலிலேயே நின்றாள்.

"வளர்த்த செல்லுல பூஞ்சை புடிச்சிருச்சுக்கா. அம்புட்டும் போச்சு. தப்பு என்மேலதான்."

"அழுதிட்டீகளா?"

"ஆமா."

"மழையில எங்க திரியும்தான் நமுத்துப் போகும். தூக்கிப் போட்டுட்டு வேற செய்வோம். இன்னொரு வாட்டி எடுத்துக்கிடுங்க."

"இந்தத் தடவை மயக்கம் கிடையாதுக்கா. மரத்துப்போக ஊசி போட்டாலும் வலிக்கும்."

"தொடையில வெட்டி எடுத்த இடம் எனக்கு இன்னும் இழுக்குது. பின்னால வாரவளுக்காவது அந்த வலி இல்லாம இருக்கட்டுமே."

மறுபடி எடுக்க ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழு அனுமதி கொடுக்க மார்கழி ஆகிவிட்டது. எலும்புக்குள்ளிருந்து மஜ்ஜையை உறிஞ்சியபோது செல்வலட்சுமி கட்டில் கம்பியை இறுகப் பிடித்தாள். கண்ணில் நீர் வந்தது. ஐஸ்வர்யா அவள் தலைமாட்டிலேயே நின்றாள்.

பங்குனியில் முத்துக்கருப்பன் முன்னால் கம்பெனி வாசல்வரை இரண்டு தடவை ஓடிக் காட்டிவிட்டு, வேலைக்குத் திரும்பினாள். சித்திரையில் லீவு கிடைத்த ஒருநாள், ரயிலேறி மதுரை ஆய்வுக்கூடத்துக்குப் போனாள்.

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். நூலோடு ஒட்டி, சின்னச் சின்ன மீன்கள் ஒரே பக்கம் பார்த்துப் படுத்திருந்த மாதிரி தெரிந்தது.

"ஒரு மோட்டார் நூலை மெல்ல இழுத்து இழுத்து விடுதுக்கா. அதனாலதான் இப்படி வரிசையாப் படுத்திருக்கு."

"ஜவ்வு ஆயிருச்சா?"

"இன்னும் இல்ல. நிஜ ஜவ்வோட பலத்துல கால்வாசிகூட வரல."

"உசுரோட இருக்குல்ல?"

"இருக்குக்கா."

செல்வலட்சுமி மறுபடி குனிந்தாள். பின்னால் இன்னொரு மாணவி மைக்ராஸ்கோப்புக்காகக் காத்திருப்பதை ஐஸ்வர்யா பார்த்தாள். கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டினாள்.