அவளுக்கும் சேர்த்து

செம்புத் தகடு குளிர்ந்திருக்கிறது, என் வலது உள்ளங்கை அதில் முழுதாகப் படிகிறது, ஐந்து விரலும் நேராக, ஒரு முறை எனக்கு, இன்னொரு முறை சோலையம்மாளுக்கு, பிறகு கண் விழித்தால் தீப்புண் வார்டின் மின்விசிறி, கட்டிலோரம் சுருண்டு கிடக்கும் கை, பதினோரு வாரமாயிற்று, கனவில் மட்டும் அது இன்னும் நல்ல கை. பட்டாசு ஆலையில் வெடிமருந்து அறை வாசலில் அந்தத் தகட்டைப் பதித்திருந்தார்கள், தொட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும், உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும், இல்லையென்றால் ஒரு பொறி போதும் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே போர்மேன் சொன்னார், அவரவர் கையால்தான் தொடவேண்டும் என்றும் சொன்னார், சொன்னாரா, சொன்னார், மறந்துவிட்டதாக நான் நடிக்க முடியாது. ஆனால் காகிதக் குழல்கள் அடுக்கிய தட்டை இரண்டு கையாலும் தூக்கி வருகிறவள் அதை எங்கே இறக்குவாள், இறக்கினால் அடுக்கு சரியும், அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்துவிட்டது, கை ஒழிந்தவள் கை நிறைந்தவளுக்கும் சேர்த்துத் தொடுவது, கோயிலுக்கு வராதவருக்கும் சேர்த்துத் திருநீறு வாங்கி வருகிற மாதிரி, எவ்வளவு மடத்தனம், ஏழு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்குக் காற்றில் ஈரமே இல்லை, சோலையம்மாள் தட்டோடு வருகிறாள், ஏ பிள்ள, எனக்கும் சேத்துத் தொட்டுரு என்கிறாள், தொட்டாச்சு, போ என்கிறேன், இரண்டு எட்டு முன்னால் போகிறாள், கொண்டையில் செருகிய கனகாம்பரம் தெரிகிறது, பிறகு வெளிச்சம், சத்தம் அதற்குப் பின்னால்தான் வந்தது, அவளைப் பிடிக்க நீட்டிய கை இது. காரணம் தெரியவில்லை என்று விசாரிக்க வந்தவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள், எனக்குத் தெரியும், யாரிடமும் சொல்லவில்லை.

எண்ணெய் தடவி நீட்டி மடக்காவிட்டால் விரல்கள் இப்படியே ஒட்டிப்போகும் என்று நர்ஸ் தினமும் சொல்கிறார், சரி என்பேன், அவர் நகர்ந்ததும் புட்டியைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிடுவேன், இந்தக் கைக்கு என்ன சொகுசு வேண்டிக்கிடக்கிறது, ஒட்டட்டும். சோலையம்மாளின் தங்கை குருவம்மாள் மூன்று நாளைக்கு ஒரு தடவை பஸ் ஏறிக் கஞ்சி கொண்டுவருகிறாள், எனக்கென்று வேறு யார் இருக்கிறார்கள், அவள் ஊட்ட ஊட்ட அவள் முகத்தைப் பார்க்காமல் விழுங்குகிறேன். இன்று மத்தியானம் தலையணையை உதறியபோது திறக்காத புட்டி அவள் கையில் அகப்பட்டது, ஏங்க்கா தடவல என்றாள், நான் தகட்டைச் சொன்னேன், இரண்டு முறை தொட்டதைச் சொன்னேன், போ என்று நான்தான் அனுப்பினேன் என்று சொன்னேன். அவள் கஞ்சித் தூக்கை மூடினாள், மூடி பொருந்தவில்லை, திரும்பத் திரும்ப அழுத்தினாள், இனி வரமாட்டாள் என்று நினைத்தேன், சன்னலைப் பார்த்தபடியே கேட்டாள், நீ தட்டு தூக்குன நாள்ல எங்கக்கா உனக்குத் தொட்டாளா. தொட்டாள், பாதி நாள் தட்டு தூக்கியது நான்தானே என்றேன். அப்ப நீ செத்துப்போயி, அவ இங்க கெடந்தா, அவ கை ஒட்டிப்போகட்டும்னு நெனைப்பியா.

நான் செத்துப்போன என்னை நினைத்துப் பார்க்கிறேன், இந்தக் கட்டிலில் சுருண்ட கையோடு சோலையம்மாளைப் பார்க்கிறேன், அடி பாவி, எண்ணெயைத் தடவித் தொலை என்று திட்டுகிறேன், அவள் கையை மடியில் இழுத்துப் போட்டு நானே தடவுகிறேன், அவளுக்கென்றால் அது எவ்வளவு சுலபமாக வருகிறது. எனக்குக் கோவமே இல்லன்னு நெனைக்காத, இருக்கு, நீ கைய நீட்டு என்றாள் குருவம்மாள், தன் உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டு அதை என் முன்னால் விரித்துப் பிடித்தாள், வெதுவெதுப்பாக இருந்தது, என் விரல்களில் இரண்டுதான் அதில் படிந்தன, மற்ற மூன்றும் வளைந்தே நின்றன, வலி தோள்வரை ஏறியது, எதுவும் மண்ணுக்குள் இறங்கிப் போய்விடவில்லை, சோலையம்மாளுக்கு ஒரு முறை ஆயிற்று, கையை எடுத்தேன், மறுபடி வைத்தேன், இது எனக்கு.