தூசி ஒட்டாத செருப்பு

காத்தவராயனின் வலது பாதம் ரோகிணிக்கு மனப்பாடம். தன் பாதத்தைக்கூட அவள் அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. சுனாமிக்கு அடுத்த வருஷம் கடப்பாக்கத்துக் கரையில் உடைந்த பாட்டிலை மிதித்துவிட்டு, மிதித்ததே தெரியாமல் வலை இழுத்துக்கொண்டிருந்த மனிதர் அவர். சர்க்கரை நோய் காலின் உணர்ச்சியை முழுசாகத் தின்றுவிட்டிருந்தது. மணலில் ரத்தத்தைப் பார்த்து அவர் மனைவி குப்பம்மா கூச்சல் போட்ட பிறகுதான் குனிந்தே பார்த்தாராம்.

செங்கல்பட்டில் டாக்டர் பரணிதரனின் கிளினிக்குக்கு அவரைக் கொண்டுவந்தபோது பெருவிரலுக்குக் கீழே குழி விழுந்து சீழ் பிடித்திருந்தது. "ஒரு விரலோட போனா அதிர்ஷ்டம்" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அங்கே கட்டுப்போடுகிற நர்ஸ் ரோகிணி. நோயாளியின் எதிரிலேயே இப்படிப் பேசினால் அவளுக்கு ரோஷம் வந்துவிடும். பார்க்கலாம் என்று உட்கார்ந்துவிட்டாள். அழுகினதை வெட்டி, உப்புநீரில் கழுவி, மருந்துத்துணி வைத்துக் கட்டி, ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலம் வரும்வரை அந்தக் காலோடு மல்லுக்கட்டினாள். கால் ஊன்றக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு.

"படகாண்ட போனீங்களாண்ணே?"

"போவல சிஸ்டரம்மா. சத்தியமா வூட்டாண்டயே குந்திகினு கீறேன்."

"அப்ப கட்டுக்குள்ள மணல் எப்படி வந்துச்சு? தானா நடந்து வந்துச்சா?"

அவர் அசடு வழிவார். கட்டை அவிழ்த்து மணலைத் தட்டிப் பார்த்தே அவர் எங்கே போனார், எவ்வளவு தூரம் நடந்தார் என்று சொல்லிவிடுவாள். இந்தச் சாமர்த்தியத்தில் ரோகிணிக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ரோகிணி நல்லவள்தான், ஆனால் கர்வத்தை மறைக்கத் தெரியாதவள்.

புண் ஆறியது. டாக்டரே வந்து பாதத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "அட, பரவாயில்லையே!" என்றார். ஆரம்பத்திலிருந்து கட்டம் கட்டமாக எடுத்த படங்களும் பத்திரமாக இருந்தன. சர்க்கரை நோயாளிகளுக்கென்றே செய்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு ஒரு ஜோடி வரவழைத்து, ரோகிணியே அவர் காலில் மாட்டிப் பட்டையை இழுத்து ஒட்டினாள். "இனிமே இதுதாண்ணே உங்க உயிர். இதை ஒழுங்கா வெச்சுக்கிட்டாக் கால் இருக்கும், இல்லைன்னா இல்லை" என்றாள்.

அடுத்த முறை காத்தவராயன் வந்தபோது செருப்பு கடையிலிருந்து அப்போதுதான் எடுத்து வந்ததுபோல இருந்தது. ரோகிணிக்கு வாயெல்லாம் பல். வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை நோயாளிகளுக்கும் காட்டினாள். "பாருங்க, எல்லாரும் இவரைப் பாருங்க. குடுத்த செருப்பை எப்படி வெச்சிருக்காரு! நீங்களும் இருக்கீங்களே." காத்தவராயன் மாப்பிள்ளை மாதிரி நெளிந்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் செருப்பு பளபளப்பாகவே வந்தது. அவளும் ஒவ்வொரு முறையும் பாராட்டினாள்.

அந்தச் சமயத்தில்தான் சங்கத்துப் பேச்சு வந்தது. புண்களுக்கு மருத்துவம் பார்க்கிறவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அதுவரை டாக்டர்கள் மட்டும்தான். இனிமேல் நர்ஸ்களையும் சேர்க்கலாம் என்று முடிவாகியிருந்தது. ஆனால் சும்மா இல்லை. தான் ஆற்றின ஒரு புண்ணை முதலிலிருந்து கடைசிவரை படங்களோடு ஆண்டுக் கூட்டத்தில் விளக்க வேண்டும். ஆறி ஒரு வருஷம் கழித்து எடுத்த படமும் அதில் இருந்தாக வேண்டும். கூட்டம் மாமல்லபுரத்தில், கடலைப் பார்த்த ஓட்டலில்.

"நீங்க உறுப்பினர் ஆயிட்டீங்கன்னா பின்பக்க ரூமை ஒழிச்சுத் தர்றேன் சிஸ்டர். கால் புண்ணுக்குன்னே தனியா நடத்துங்க" என்று டாக்டர் பரணிதரன் சொன்னார். அதுவரை ரோகிணி மாடிப்படிக்கு அடியில், ஒரு திரைக்குப் பின்னால்தான் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தாள். இந்தக் காலைக் காப்பாற்றலாம் சார் என்று அவள் சொன்னால், டாக்டர்கள் படிக்கட்டில் ஏறிக்கொண்டே ‘ம்’ கொட்டிவிட்டுப் போவார்கள். சங்கத்தில் சேர்ந்தால் நின்று கேட்பார்கள். அந்த ஆசை அவளைப் பிடித்து ஆட்டியது.

காத்தவராயனிடம் முதல் ஆளாகச் சொன்னாள். "உங்க காலாலதாண்ணே நான் அதுல சேரப்போறேன்."

"பெரிய பெரிய டாக்டருங்கல்லாம் என் காலயா பாக்கப்போறாங்க?" அவருக்கு நம்பவே முடியவில்லை. "கேட்டியா குப்பு, என் காலு மாமல்லபுரம் போவுதாம்!"

அதற்கப்புறம் அவர் ஒரே ஒரு தடவை வந்தார். பிறகு வரவில்லை. அவர் தெருமுனைக் கடைக்குப் போன் போட்டுக் கூப்பிடச் சொன்னால், "நல்லா கீறேன் சிஸ்டரம்மா. மீனு பாடு ஜாஸ்தியா கீது, வர முடியல" என்று பதில் வந்தது. இன்னொரு நோயாளி இப்படிச் சொல்லியிருந்தால் ரோகிணி அந்தப் போனிலேயே உலுக்கி எடுத்திருப்பாள். இவர் விஷயத்தில் நம்பினாள். நம்புவது அவளுக்கு வசதியாக இருந்தது என்றும் சொல்ல வேண்டும்.

கூட்டத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கடைசிப் படத்தை எடுக்கக் கிளம்பினாள். அவள் கணவன் தாமோதரன் கல்பாக்கத்தில் டெக்னீஷியன். கூட வேலை செய்பவரிடம் கேட்டு ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கி வந்திருந்தான். "கல்யாணத்தைப் படம் எடுக்கப் போவாங்க, காதுகுத்தைப் படம் எடுக்கப் போவாங்க. காலைப் படம் எடுக்கப் போறவ நீ ஒருத்திதான்" என்று கேலி செய்து பஸ் ஏற்றிவிட்டான். கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக, கூட்டத்தில் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

வருவதாக முன்கூட்டியே சொல்லியிருந்ததால் காத்தவராயன் தயாராக இருந்தார். சலவை வேட்டி கட்டி, வாசல் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு பலகைமேல், சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த ஒரு பாதம். அவள் உட்கார்ந்து கேமராவைச் சரிசெய்து, ஒரு படமும் எடுத்துவிட்டாள். அப்புறம்தான் கை நின்றது.

"அண்ணே, இது இடது கால்."

"இதுவும் என் காலுதான சிஸ்டரம்மா."

"வலதைக் காட்டுங்க."

"இத்தையே எடுத்துக்கோம்மா. படத்துல எந்தக் காலுன்னு எவனுக்குத் தெரியப்போவுது? இன்னா அழகா வந்துகீது பாரு."

வலது கால் நாற்காலிக்கு அடியில் ஒரு சாக்கின்மேல் இருந்தது, வேட்டி நுனியால் மூடி. கடற்காற்று ஒரு கணம் அடங்கியதும் ரோகிணிக்கு அந்த வாடை வந்தது. அந்த வாடையை அவள் தூக்கத்தில்கூடக் கண்டுபிடிப்பாள். வேட்டியை விலக்கினாள். பாதம் வீங்கி, பழைய இடத்திலேயே குழி, முன்னைவிட ஆழம். குழியின் அடியில் வெள்ளையாகத் தெரிந்தது எலும்பு.

"எப்பலேருந்துண்ணே?"

"பொங்கலுக்கு முன்னாடி, லேசா கொப்புளமாட்டம் வந்துச்சு."

"ஏன் வரலை? ஏன் என்கிட்ட சொல்லலை?" அவள் குரல் அவளுக்கே பயமாக இருந்தது.

காத்தவராயன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "நீ என் காலத்தான் காட்டப்போறேன்னுட்ட. டாக்டருங்கல்லாம் பாப்பாங்கன்னுட்ட. இந்தக் காலோட வந்து நின்னா உன் பேரு இன்னாத்துக்கு ஆவும்? மீட்டிங்கு முடியட்டும், அப்பால வரலாம்னு கீறேன்."

ரோகிணிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகக் கிளம்பின. எது முதலில் என்று தெரியாமல் ஆத்திரப்பட்டாள். "செருப்பு போடுங்க, செருப்பு போடுங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே! ஒரு வார்த்தை கேக்கலையா நீங்க?"

குப்பம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. "இன்னாம்மா இப்டி சொல்லிட்ட?" என்று விடுவிடுவென உள்ளே போனாள். சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்த ஜவுளிக்கடைப் பையைக் கொண்டுவந்து பிரித்தாள். உள்ளே பழைய துண்டில் சுற்றி, அந்தச் செருப்பு. "பாரு. ஒரு தூசி கீதா? ஆஸ்பத்திரிக்கு வர சொல்லோ மட்டும்தான் போடுவாரு. பஸ்ஸுல இருந்து எறங்கித்தான் காலுலயே மாட்டுவாரு. நான் தொட்டாக்கூடத் திட்டுவாரு."

"படகுல எவனாச்சும் செருப்பு போட்டுகினு ஏறுவானா?" என்றார் காத்தவராயன் மெதுவாக. "கரையில வுட்டா நாயி தூக்கிகினு பூடும். மண்ணுல போட்டா நாஸ்தியாப் பூடும். நீதானம்மா எல்லார் எதுரயும் சொன்ன, எப்டி வெச்சிகீறாரு பாருன்னு. அழுக்கானா நீ இன்னா நெனப்பன்னுதான்."

ரோகிணி செருப்பை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். கடப்பாக்கத்துக்காரர் ஒரு வருஷம் போட்ட செருப்பு அது என்று எண்ணியிருந்தாள். அதன் அடியில் ஒரு பொட்டு மணல்கூட இல்லை. கட்டுக்குள் மணல் இருப்பதைப் பார்த்துக் கோபித்துக்கொண்டவள், செருப்பில் மணல் இல்லாததைப் பார்த்துப் பூரித்துப் போயிருக்கிறாள். போட்ட செருப்பு தேயும் என்று சின்னப் பிள்ளைக்குத் தெரியும். அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் பொங்கலுக்கு முன்பே அந்தக் கால் பிழைத்திருக்கும்.

அன்றே வண்டி பிடித்துச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனாள். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு டாக்டர் பரணிதரன் தலையை ஆட்டினார். புண் எலும்பை அரித்துவிட்டது, விஷம் மேலே ஏறுகிறது, முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் ஆள் மிஞ்சுவார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அந்த வார நடுவில் கால் போயிற்று.

"நீங்க கூட்டத்தை விட்டுடாதீங்க" என்றார் டாக்டர். "போன வருஷம் ஆறினது நிஜம்தானே? அப்புறம் நடந்ததுக்கு, நோயாளி ஒத்துழைக்கலைன்னு ஒரு வரி சொல்லிட்டாப் போச்சு. எல்லாரும் சொல்றதுதான்."

ஒத்துழைக்கவில்லையாம். அவள் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு பாராட்டையும் கட்டளையாக எடுத்துக்கொண்ட மனிதர். ரோகிணி வெளியே வந்துவிட்டாள். படிக்கட்டுக்கு அடியில் நின்று நன்றாக அழுதாள். பின்பக்க ரூம் அங்கிருந்து தெரிந்தது. சாமான்களை ஒழித்து வெள்ளைகூட அடித்து வைத்திருந்தார்கள்.

மாமல்லபுரத்துக் கூட்டத்தில் அவள் முறை வந்தது. புண் ஆறிவந்த படங்களைத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினாள். கடைசியில், பலகைமேல் வைத்த அழகான பாதம். சபையில் "ஆகா" என்று ஒரு முனகல். "இது இடது கால்" என்றாள் ரோகிணி. "எனக்காகக் கழுவி வெச்சிருந்தாரு. ஆறின காலை இனிமே காட்ட முடியாது." தூசி ஒட்டாத செருப்பின் படத்தைப் போட்டு, அதை எல்லார் எதிரிலும் எப்படிப் பாராட்டினாள் என்பதையும் சொன்னாள்.

முன்வரிசையிலிருந்து ஒரு மூத்த டாக்டர், "ஆக, நோயாளி சொன்னதைக் கேட்கலை?" என்றார்.

"கேட்டாரு சார். நான் பெருமையாச் சொன்னதைக் கேட்டாரு. போட்டு நடந்தீங்களான்னு நான் ஒருநாளும் கேக்கலை."

சபையில் எல்லாரும் கைதட்டினார்கள், எழுந்து நின்று. சாயங்காலம் அவளைச் சங்கத்தில் சேர்த்துக்கொண்டதாக அறிவித்து, சட்டையில் குத்துகிற ஒரு சின்ன வில்லையும் கொடுத்தார்கள். அந்தக் கைதட்டல் அவளுக்குக் காந்தியது. எதற்காக இத்தனை நாள் ஏங்கினாளோ அது கையில் இருந்தது. அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பைக்குள் போட்டுக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

காத்தவராயன் கண்ணை மூடிப் படுத்திருந்தார். போர்வை வலதுபக்கம் பாதியிலேயே படிந்து கிடந்தது. அவள் வந்த சத்தம் கேட்டதும் எழப் பார்த்தார்.

"இன்னா ஆச்சும்மா? சேத்துகினாங்களா?"

"சேத்துக்கிட்டாங்கண்ணே."

"அப்டிப் போடு!" அந்தச் சோர்ந்த முகம் மலர்ந்தது. பக்கத்துக் கட்டில்காரரை எட்டித் தட்டி, "யோவ், நம்ம சிஸ்டரம்மா சங்கத்துல சேந்துட்டாங்க. என் காலுதான்யா" என்றார்.

ரோகிணி கட்டில் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். குப்பம்மா ஜவுளிக்கடைப் பையை எடுத்து அவளிடம் நீட்டினாள். உள்ளே வலது செருப்பு மட்டும் இருந்தது.

"புதுசாவே கீது. வேற யாருக்காச்சும் குடு" என்றார் காத்தவராயன். "எடது எனக்கு வேணும். இனிமே கயட்ட மாட்டேன். நீயே பாரு." போர்வையை மெல்ல ஒதுக்கினார். இடது பாதத்தில் அந்தச் செருப்பு, பட்டை இழுத்து ஒட்டி, பளிச்சென்று இருந்தது.

ரோகிணி குனிந்து பட்டைக்குள் விரல் விட்டு இறுக்கம் சரியா என்று பார்த்தாள். அவளால் பாராட்ட முடியவில்லை. "அழுக்காக்குங்கண்ணே" என்றாள். "அடுத்த தடவை பாக்கும்போது இது தேஞ்சு, மண்ணும் சேறுமா இருக்கணும். இல்லைன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்."

காத்தவராயன் சிரித்துவிட்டார். "படுத்துகினு கீறவன் எப்டிம்மா அழுக்காக்குவான்?" என்றார்.