வடிகட்ட ஒரு துணி

மதிய வெயிலில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காதர் பெல்ட்டின் உள்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தான். விரல் பிசுபிசுத்தது. மோந்தான், செம்பனை எண்ணெய். அடப்பாவி, நீதானா என்று வண்டியைத் திட்டினான். காலையிலிருந்து பேட்டரி முனைகளைச் சுரண்டியதும் பல்பைக் கழற்றிக் கழற்றி மாட்டியதும் வீண் வேலை.

வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டு ஓடிய பழைய டீசல் கார் அது. இப்போது ஒரு ஜப்பான் அதிகாரியுடையது. டிரைவர் மட்டும் மாறவில்லை. டீசல் கண்ணில் காணக் கிடைக்காததால், எஸ்டேட்டிலிருந்து வரும் செம்பனை எண்ணெயைச் சுடவைத்து ஊற்றி ஓட்டினான். அதன் கசடு பில்டரில் களியாக அடைத்திருந்தது. இன்ஜினுக்கு எண்ணெய் போகாததால் ஏற்றத்தில் இழுவையில்லை. பில்டர் மூடி வழியே கசிந்த எண்ணெய் பெல்ட்டில் சொட்டி, பெல்ட் வழுக்கி, டைனமோ சரியாகச் சுற்றாமல் லைட்டும் மங்கிவிட்டது. இரண்டு நோய்க்கும் ஒரே வேர்.

நேற்று கிள்ளான் போகும் வழியில் வண்டி நின்றபோது அதிகாரி அவனை அறையவில்லை. அறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நாளைச் சாயங்காலமும் நின்றால் உனக்குச் சயாம்தான் என்று மலாயில் சொன்னார், அவ்வளவுதான். அந்தச் சாயங்காலம் இன்றுதான். பக்கத்து வீட்டுக் கன்னையா சயாமுக்கு ரயில் பாதை போடப் போனவன். அவன் பெண்டாட்டி இன்னும் தினமும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஸ்டேஷன்வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள்.

பெல்ட்டைச் சாம்பல் போட்டுத் துடைத்தாயிற்று. பில்டருக்குள் இருந்த துணிதான் கையோடு இற்று வந்தது. நெருக்கமாக நெய்த புதுத்துணி வேண்டும். காதர் கட்டியிருந்த கைலியே சல்லடை. வீட்டில் புதுத்துணி என்று இருந்தது ஒன்றே ஒன்று. மஸ்ஜித் இந்தியா தெருவில் அவர்கள் ஜவுளிக்கடை நடந்த காலத்தில், அவன் உம்மா அமீனா பீவி இறந்தபின் தன் உடலில் சுற்றத் தானே பொறுக்கி எடுத்து வைத்த கபன் துணி. உம்மா உள்ளே மலேரியாவில் கிடந்தார். மருந்து எங்கும் கிடைக்கவில்லை.

“கோணிப்பையில வடிகட்டினா ஆவாதா?” என்றாள் மனைவி மரியம்.

“நாரு நாரா உதிரும்லா. பாதி வழியிலேயே நின்னுரும்.”

“நாளைக்கே மாமிக்கு ஏதாச்சும் ஆயிட்டா? கோணியில சுத்தியா அடக்குவீங்க?”

காதருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனால் பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

“ஒரு சாண் போதும். இந்தத் தடவைக்கு மட்டும்.”

“அடுத்த தடவைக்கு?”

மரியம் பெட்டியைத் திறந்தாள். கற்பூர வாசனை வந்தது. துணியின் விளிம்பைப் பல்லால் கடித்து, இரு கையாலும் பிடித்து இழுத்தாள். சர்ரென்று கொஞ்சம் கிழிந்தது.

“மரியம், கடை தொறந்தாச்சா?”

உள்ளிருந்து உம்மாவின் குரல். பல நாளாகக் கண் திறக்காதவரின் குரலில் காலை வியாபாரத்தின் சுறுசுறுப்பு இருந்தது.

“நல்ல துணி கிழியிற சத்தம் கேக்குதே... யாவாரம் வந்திருக்கா? கறாரா கிழிக்காத புள்ள. நாலு விரக்கட கூட விட்டுக் கிழிச்சுக் குடு. அப்பத்தான் திரும்ப வருவாங்க.”

மரியம் காதரைப் பார்த்தாள். அவன் எண்ணெய்க் கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றான். தொடங்கிய கிழிசலை விட்டுவிட்டு, அதற்கு அப்பால் நான்கு விரலை வைத்து அளந்து, அவள் துணியை மறுபடி பல்லருகே கொண்டுபோனாள்.