மணிக்கட்டில் இரண்டு விரல்

கூடாரத் துணியில் சாம்பல் வெளிச்சம். நின்றுபோன மழை ஓரத்தில் இன்னும் சொட்டுகிறது. மணிக்கட்டில் இரண்டு விரல். கண்ணைத் திறக்காமல் எண்ணுகிறேன்.

முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். அதுவரை எழக்கூடாது, பேசக்கூடாது. சகாயமேரி அக்கா போட்ட சட்டம் இது.

நீலகிரியில் ஐந்து நாள் மலைச் சைக்கிள் பந்தயம். ஜோடி ஜோடியாக ஓட்ட வேண்டும். ஒருத்தி நின்றால் இருவருக்கும் ஆட்டம் முடிந்தது. நான் நசீமா, மேட்டுப்பாளையம். எனக்குக் காலில் பலம் அதிகம், வாய்க்கொழுப்பும் அதிகம். அக்காவுக்குப் பொறுமை அதிகம்.

"எத்தன புள்ள?"

விடிந்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

என் வழக்கமான நாடித் துடிப்பு ஐம்பது. பத்துக்கு மேல் கூடினால் அன்றைக்கு ஓட்டுவதில்லை என்று பயிற்சியின்போதே பேசி வைத்திருந்தோம். கூடினால் உடம்பு முந்தின நாளிலிருந்து இன்னும் மீளவில்லை என்று அர்த்தம். அல்லது உள்ளே காய்ச்சல் பதுங்கியிருக்கிறது.

அக்காவின் பழைய ஜோடி பெனிட்டா. அவள் காய்ச்சலை மறைத்துக்கொண்டு ஓட்டினாள். காய்ச்சல் இதயத்தில் இறங்கிவிட்டது. இன்றைக்கு பெனிட்டா பத்துப் படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறாள். அக்கா இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்.

முதல் நாள் ஐம்பது. இரண்டாம் நாள் ஐம்பத்து மூன்று. இரண்டும் உண்மை.

அந்த இரண்டாம் நாள் நாங்கள் முதலிடத்துக்கு வந்தோம். தேயிலைச் சரிவில் வெயில் விழுந்தது. செம்மண் முகமெல்லாம் காய்ந்து, சிரித்தால் வெடித்தது. நாங்கள் சிரித்துக்கொண்டே இருந்தோம்.

மூன்றாம் நாள் காலை அறுபத்திரண்டு.

ஐம்பத்து மூன்று என்றேன். வாய் கூசவில்லை. இரண்டே இரண்டு எண் அதிகம், அதற்காக முதலிடத்தை விடுவதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நான்காம் நாள் எழுபத்தொன்று. ஐம்பத்து நான்கு என்றேன்.

அன்றைக்கு மழை. ஏற்றம், இறக்கம், மறுபடி ஏற்றம். வாயில் போட்ட கடலை மிட்டாய் இறங்கவில்லை. பிரேக்கைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. சோலைக்காட்டுக்கு மேலே அந்த நீளமான ஏற்றத்தில் என் சக்கரம் கிட்டத்தட்ட நின்றேவிட்டது.

அப்போது முதுகில் ஒரு கை விழுந்தது.

ஜோடியைக் கையால் தள்ளலாம், விதி இடம் கொடுக்கிறது. ஒரு கையால் தன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அக்கா என்னைத் தள்ளினாள். மழையில் உடம்பெல்லாம் விறைத்திருந்தது. அந்த உள்ளங்கை பட்ட இடம் மட்டும் சூடாக இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. நன்றாகவும் இருந்தது.

சாப்பிடும்போது, ஐம்பத்து நாலுக்குக் கால் இப்படி இழுக்கக் கூடாதே, கணக்கு உதைக்குதே என்றாள். குளிர் என்றேன். நம்பினாள்.

ஐந்தாம் நாள் காலை. நாலு நிமிடம் முன்னால் இருந்தோம். மிச்சம் நாற்பதே கிலோமீட்டர்.

மணிக்கட்டில் இரண்டு விரல். எழுபத்தாறு.

"எத்தன புள்ள?"

ஐம்பத்து நாலு என்பது நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் முதுகில் அந்தக் கை இன்னும் இருப்பதுபோல இருந்தது. அந்தக் கைக்குப் பொய் சொல்ல முடியவில்லை.

"எழுபத்தாறு அக்கா."

நேற்று எவ்வளவு என்று கேட்டாள். சொன்னேன். அதற்கு முந்தின நாள்? அதையும் சொன்னேன்.

அவள் எழுந்து வெளியே போனாள். கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. தன் சைக்கிளில் கட்டியிருந்த எண் அட்டையை முதலில் வெட்டினாள். பிறகு என்னுடையதை.

நான் அழுதேன். திட்டவாவது திட்டுங்கள் என்றேன்.

அக்கா தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் உன்னத் தள்ளுனேன் புள்ள," என்றாள். "ஒன்றர மணி நேரம். இந்தக் கையாலயே."

அதற்கு மேல் நான் அழவில்லை. அழ எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

மருத்துவக் கூடாரத்தில் காய்ச்சல் நூற்றொன்று காட்டியது. நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, நல்லவேளை இன்று கிளம்பாமல் இருந்தீர்கள் என்றார் டாக்டர். மூன்று மாதம் சைக்கிளைத் தொடவில்லை. இதயம் தப்பியது. பந்தயம் போனது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. வருத்தம் வேறொன்றில்.

இந்த வருடம் மறுபடி அதே மலை. அவள் வேறு ஜோடி தேடுவாள் என்று பயந்திருந்தேன். தேடவில்லை.

கூடாரத் துணியில் சாம்பல் வெளிச்சம். ஓரத்தில் மழை சொட்டுகிறது. மணிக்கட்டில் இரண்டு விரல். கண்ணை மூடிக் கிடக்கிறேன்.

விரல்கள் அவளுடையவை. இப்போதெல்லாம் அக்கா என்னிடம் கேட்பதில்லை. அவளே எண்ணிக்கொள்கிறாள்.