மாமன் மடியும் எண்பது ஜிபியும்

சாரம் ஏரியாவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பூவிழிக்குக் கோபம் கொஞ்சம் ஜாஸ்தி என்று தெருவில் பேச்சு. அந்தப் பூவிழி நான்தான். கொஞ்சம் இல்லை, நிறையவே ஜாஸ்தி. வராமல் என்ன செய்யும்? ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது நுழையாத வயரை நுழையாத ஓட்டையில் அமுக்கி, திருப்பிப் போட்டு அமுக்கி, கடைசியில் முனையை நசுக்கிவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள். அந்த வாய் வேறு, இந்த வாய் வேறு, நடுவில் ஒரு அடாப்டர் போட்டால் இரண்டும் பேசிக்கொள்ளும் என்று தொண்டை வறளச் சொல்லிவிட்டேன். கல்யாணத் தரகர் பார்க்கிற அதே வேலைதான். தரகருக்காவது வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுப்பார்கள்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் மூலக்குளத்திலிருந்து சுலோசனா அக்கா வந்தார். ஒரு கையில் கல்யாணப் பத்திரிகைக் கட்டு, இன்னொரு கையில் மஞ்சள் பை. பைக்குள்ளிருந்து பட்டுத்துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு என் மேசைமேல் வைத்தார். ஏதோ சாமி படம் என்று நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பிரித்துப் பார்த்தால் ஹார்ட் டிஸ்க்.

"இதுல எங்க துர்காவோட காதுகுத்து இருக்கு. இத எப்பிடியாவது தொறந்து குடு பூவிழி. வெள்ளிக்கிழம அவளுக்குக் கல்யாணம்" என்றார்.

"கல்யாணத்துக்குக் காதுகுத்து வீடியோ எதுக்குக்கா?"

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்.

துர்காவுக்கு மூன்று வயதில் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், அது முறை. தாய்மாமன் என்றால் அக்காவின் கூடப்பிறந்த அண்ணன் கலியபெருமாள், தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் வியாபாரம் செய்பவர். பிள்ளை அழுவதைப் பார்க்க முடியாமல் அக்கா அடுப்படிக்குப் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால் காது குத்தியாகிவிட்டது, பிள்ளை இருந்தது பெரியப்பா அம்மாவாசையின் மடியில். அண்ணனைக் காணோம். தன்னை எழுப்பிவிட்டு அம்மாவாசை மடியைப் பிடுங்கிக்கொண்டார் என்று அண்ணன் கட்சி. அவராகத்தான் கொடுத்தார் என்று அம்மாவாசை கட்சி. அன்றைக்குப் போன அண்ணன் இருபத்திரண்டு வருஷமாகத் தங்கை வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை.

"எங்க வூட்டுக்காரரு செத்தப்ப கூட அண்ணன் தெருமுனையில நின்னுட்டுப் போச்சு" என்றார் அக்கா. "இப்ப பத்திரிக வெக்கப் போனேன். 'வீடியோவக் கொண்டா. யாரு மடியப் புடுங்குனாங்கன்னு பாத்துட்டு அப்புறம் வரேன்'னு சொல்லுது. ஊரு என்னா சொல்லும்னு நான் கவலப்படல. அவளுக்கு அப்பா இல்ல. எனக்கு எங்கண்ணன் வேணும்."

இருபத்திரண்டு வருஷமாக யாரும் அந்த வீடியோவைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். பார்த்தார்களாம். ஸ்டூடியோக்காரர் கொடுத்த சிடியில் பிள்ளை பூப்போட்ட சட்டையில் சிரிக்கும், மேலேயிருந்து ரோஜாப்பூ கொட்டும், பூ கொட்டி முடிந்தால் காது குத்தியிருக்கும். நடுவில் நடந்ததைப் பூ மறைத்துவிட்டது. பல வருஷம் கழித்து ஸ்டூடியோவைக் காலி செய்தபோது, வெட்டாத முழு வீடியோவை அந்த மனுஷன் இவர்கள் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தார். மூன்று மணி நேரம் யார் உட்கார்ந்து பார்ப்பது என்று விட்டுவிட்டார்கள். அடுத்த மாதமே கம்ப்யூட்டர் புகைந்துபோனது. ரிப்பேர்காரர் இந்த டிஸ்க்கைக் கழற்றி, எல்லாம் இதில்தான் இருக்கிறது, பத்திரம் என்றாராம். அக்கா பத்திரமாகப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டார்.

பூஜை அலமாரி என்றதுமே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இந்த மாதிரிப் பழைய டிஸ்க்குகளுக்கென்று என்னிடம் மூன்று பக்கம் மூன்று வாய் வைத்த கறுப்பு அடாப்டர் ஒன்று உண்டு. டிஸ்க்கை ஒரு வாயில் மாட்டி, தனியாகக் கரண்ட் கொடுத்து, மறுமுனையைப் புது கம்ப்யூட்டரில் சொருகினால் போதும். சொருகப் போனேன், போகவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். டிஸ்க்கின் பின்பக்கம் நாற்பது ஊசி வரிசையாக இருக்க வேண்டிய இடத்தில் சந்தனமும் குங்குமமும் சிமெண்ட் பூசியதுபோல் கெட்டியாக இருந்தது.

"என்னாக்கா இது?"

"ஆயுத பூஜைக்கு வெச்சேன்."

"இம்மாம் சந்தனமா?"

"பதினாலு ஆயுத பூஜை ஆச்சே."

"வெக்கறதுதான் வெச்சீங்க, மேல ஒரு பொட்டு வெச்சா ஆவாதா? இந்த ஊசிங்க மேலதான் அப்பணுமா?"

"பல்லு பல்லா இருந்துச்சா, அதான் மொகம்னு நெனச்சேன்" என்றார் அக்கா.

மேலேயும் ஒரு பொட்டு வைத்துத்தான் இருந்தார். டிஸ்க் மூச்சு விடுவதற்கென்று மூடியில் குண்டூசி அளவு ஓட்டை ஒன்று உண்டு, அதை அடைக்காதே என்று பக்கத்திலேயே எழுதியும் இருக்கும். எழுத்தை விட்டுவிட்டு ஓட்டையைக் குறிபார்த்து வைத்திருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அக்காவின் முகம் வாடிப்போயிருந்ததால், நாளைக்குப் பதினொரு மணிக்கு அண்ணனையும் கூட்டிக்கொண்டு வாங்க என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

மத்தியானம் முழுக்க அதே வேலை. பழைய பல் பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் நனைத்து, ஊசி ஊசியாகத் தேய்த்தேன். வளைந்திருந்த இரண்டு ஊசிகளை முள்வாங்கியால் நிமிர்த்தினேன். கடை பூராவும் திருவிழா முடிந்த கோயில் மாதிரி மணத்தது.

நாலு மணிக்கு அந்த மணத்தை அமுக்கிக்கொண்டு மீன் வாடை வந்தது. பின்னாலேயே பெரிய மீசையோடு ஒருவர் வந்தார். கையில் பாலித்தீன் பை.

"நான் கலியபெருமாள். சுலோசனா அண்ணன்" என்றார். துறைமுகத்துக் குரல், மேசைமேல் இருந்த திருகாணிகள் அதிர்ந்தன. பிறகு வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "இந்தாம்மா, அது தொறக்காது இல்ல?"

"தொறக்கும்ணே."

"தொறக்காதுன்னு சொல்லிடேன். வஞ்சிரம் கொண்டாந்திருக்கேன். காலையில வந்தது, நானே வெட்டி துண்டு போட்டேன்."

"நீங்கதான வீடியோவக் கொண்டான்னு கேட்டீங்க?"

"கேட்டேன். கொண்டு வருவாங்கன்னா கேட்டேன்?"

வஞ்சிரத்தைப் பார்த்து எனக்கு ஒரு நிமிஷம் சபலம் தட்டியது உண்மைதான். ஆனால் தொழிலில் பொய் சொல்லச் சொன்னால் எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிடும். "வேல செய்யற எடம்ணே இது, மீன எடுத்துக்கினு கெளம்புங்க. நாளைக்குப் பதினோரு மணிக்கு வந்து உங்க கண்ணால பாருங்க. வரலன்னா நீங்களா பயந்துட்டீங்கன்னு நானே உங்க தங்கச்சிகிட்ட சொல்லுவேன்" என்றேன். அவ்வளவு பெரிய மனுஷன் பையைத் தூக்கிக்கொண்டு பேசாமல் போனதைப் பார்த்ததும் இதில் ஏதோ இருக்கிறது என்று தோன்றியது.

மறுநாள் பதினொன்றுக்கு மூன்று பேரும் வந்துவிட்டார்கள். அக்காவும் துர்காவும் முன்னால் உட்கார்ந்தார்கள். கலியபெருமாள் கதவோரம் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். அண்ணனும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அடாப்டரை மாட்டி, ஸ்விட்சைப் போட்டேன். டிஸ்க் ஒரு முனகல் முனகிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது. திரையில் எதுவும் வரவில்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சாமியைக் கூப்பிட்டார். வயரைக் கழற்றி மறுபடி மாட்டினேன். டிங் என்று ஒரு சத்தம், எண்பது ஜிபி என்று திரையில் எழுத்து வந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். கதவோரம் பெருமூச்சு கேட்டது.

முதல் பத்து நிமிஷம் கேமராவை அணைக்க மறந்த ஸ்டூடியோக்காரரின் செருப்பு. அப்புறம் பந்தி. யாரோ ஒருவர் வடைக்கு மேல் வடை வாங்கிக்கொண்டிருந்தார். அதன்பின் வெள்ளை வேட்டியில் ஒரு ஒல்லி ஆள் தலையில் நாலு நாற்காலியைச் சுமந்துகொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி போனார்.

"அப்பா" என்றாள் துர்கா.

அக்கா நாற்காலியைத் திரைக்குக் கிட்டே இழுத்துக்கொண்டார். அந்த இடத்தை இன்னொரு தடவை போடச் சொன்னார். மூன்று தடவை போட்டேன். நான் மானிட்டரைத் துடைக்கிற மாதிரி எழுந்து நின்றுகொண்டேன்.

பிறகு காதுகுத்து வந்தது. பெஞ்சில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கலியபெருமாள், மடியில் துர்கா. பக்கத்தில் அம்மாவாசை தேங்காய்த் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மற்ற சனமெல்லாம் இன்னும் பந்தியில்தான். காது குத்த வந்த பத்தர் எதிரில் குந்தி ஊசியை எடுத்தார். ஊசியைப் பார்த்ததும் பிள்ளை சும்மாதான் இருந்தது. மாமன் முகம்தான் வெளுத்தது. பத்தர் காது மடலைப் பிடித்தார், அவ்வளவுதான். மாமன் பிள்ளையைத் தூக்கி அம்மாவாசையின் மடியில், தேங்காய்த் தட்டுக்கு மேலேயே உட்கார வைத்துவிட்டு ஓடினார். "என்னாப்பா, என்னாப்பா" என்று அம்மாவாசை திகைத்துப்போய்ப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டார்.

ஸ்டூடியோக்காரருக்கு என்ன தோன்றியதோ, கேமராவோடு மாமன் பின்னால் போனார். வீட்டுக்குப் பின்புறம் தண்ணீர் டிரம்முக்கு ஓரமாக, துறைமுகத்தில் தினமும் ஆள் உயர மீனை வெட்டுகிற கலியபெருமாள் தன் இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டு விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தார். முன்பக்கம் பிள்ளை அழும் சத்தம் ஒரு நிமிஷத்தில் நின்றுவிட்டது, இவர் நிறுத்தவில்லை. அந்தப் பக்கம் குடத்தோடு வந்த ஒரு கிழவி, "அடப்பாவிங்களா, மாமனையே அழ வெச்சுட்டாங்களே! எழுப்பி வுட்டுட்டாங்களா உன்ன?" என்றாள். கலியபெருமாள் கண்ணைத் துடைத்தார். கொஞ்சம் யோசித்தார். ஆமாம் என்று தலையாட்டினார்.

நான் வீடியோவை நிறுத்தினேன். 

சுலோசனா அக்கா எழுந்து போனார். பத்திரிகைக் கட்டால் அண்ணன் தோளில் ஓங்கி ஒன்று போட்டார். இன்னொன்று போட்டார். "இதுக்காண்ணா? இதுக்கா இருவத்திரெண்டு வருஷம்?" சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் அதற்குமேல் அவரால் அடிக்க முடியவில்லை.

"மீன வெட்றவன் ஊசியப் பாத்து ஓடுனான்னு தொறயில சிரிப்பாங்கன்னு ஒரு தரம் தலையாட்டிட்டேன்" என்றார் அவர், தரையைப் பார்த்தபடியே. "அப்புறம் அந்தப் பொய்யிலேர்ந்து எறங்க முடியல. மச்சான் போனப்ப வாசல் வரைக்கும் வந்துடணும்னுதான் வந்தேன். கால் வரல."

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "பூவிழி, அந்த எடத்த மட்டும் அழிச்சுடு. எதுவும் தெரியலன்னு சொல்லிக்கலாம். நீ கல்யாணத்துக்கு வாண்ணா, போதும்."

ஒரு நாள் முழுக்கச் சந்தனம் சுரண்டியவளிடம் அழி என்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் கலியபெருமாள் எழுந்துவிட்டார்.

"அழிக்காத" என்றார். இப்போது அது துறைமுகத்துக் குரல். "அம்மாவாசை மடியப் புடுங்கிக்கினாருன்னு ஊர் பூரா நான்தான் சொன்னேன். 'நான் புடுங்கலப்பா, அவனாதான் குடுத்தான்'னு அந்த மனுஷன் சாவற வரைக்கும் சொன்னாரு. ஒருத்தரும் நம்பல. அவரு சம்சாரம் வீராயி வருவாங்க இல்ல கல்யாணத்துக்கு?"

"பெரியம்மா வராம எப்பிடி மாமா? வியாழக்கெழமையே வந்துடுவாங்க" என்றாள் துர்கா.

அவர் என் மேசைக்கு வந்து, இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார். "மண்டபத்துல பெரிய டிவி மாட்டியிருக்காங்களாமே. இத அதுல போடறதுக்கு வயர், அடாப்டர், என்னா வேணுமோ நீயே கொண்டாந்து மாட்டிடும்மா. தாலி கட்டி முடிஞ்சதும் எல்லாரும் பாக்கட்டும். சிரிக்கறவங்க சிரிக்கட்டும். வீராயிய மொத வரிசையில ஒக்கார வெச்சுடுங்க."

சரி என்றேன். அக்கா அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். வாசல்வரை மூன்று பேரும் ஒன்றாகப் போனார்கள். படியிறங்கும் முன் கலியபெருமாள் மட்டும் திரும்பி வந்து, யாருக்கும் கேட்காத குரலில் என்னிடம் சொன்னார்:

"அந்த ஊசி வர எடத்துல மட்டும் நான் வெளிய போயிடுவேன். மைக்குல கூப்புடாதீங்க."